எட்டாம் மன்னர்

உரோமாபுரியை ஏழு மன்னர்கள் ஆண்டனர் என்பது மரபு. நகரைத் தோற்றுவித்த ரோமுலஸ் முதல்வர். 'செருக்கர்' என்று பெயர் பெற்ற டார்க்குவினியஸ் இறுதியானவர். அந்த ஏழாமவரை மக்கள் துரத்தியடித்த பின்னர், மன்னர் என்ற சொல்லே அங்கு வெறுப்புக்குரியதாயிற்று. பேரரசைக் கட்டி ஆண்ட சீசர்களும் அப்பட்டத்தைச் சூடிக்கொள்ளத் தயங்கினர். அத்தகைய நகரின் மக்கள், ஏறத்தாழ ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, ஒருவரை 'எட்டாம் மன்னர்' என்று தாமாகவே விரும்பி அழைத்தனர். அவர் அந்நகரில் பிறந்தவரல்லர், படை நடத்தியவரல்லர், அரசியலில் புகுந்தவரும் அல்லர். பிரேசில் நாட்டின் தென்பகுதியிலிருந்து, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, ஊதியம் பெற்றுக் காற்பந்து ஆட வந்தவர். பாவுலோ ராபர்ட்டோ ஃபால்காவோ என்பது அவர் பெயர்.

ஊதியத்திற்கு வந்தவரை மன்னர் என்று அழைக்கும்போது, அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே எழுதப்படாத இன்னோர் ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறது. முதல் ஒப்பந்தத்தில் தொகையும் ஆண்டுகளும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவதில் என்ன குறிக்கப்பட்டிருக்கிறது என்பது சோதனை வரும் நாள்வரை எவருக்கும் தெரியாது. ஃபால்காவோவுக்கு அச்சோதனை 1984ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இரவு வந்தது.

அவர் 1953ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், சாந்தா கத்தரினா மாநிலத்தின் அபெலார்டோ லூஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது போர்ட்டோ அலெக்ரே நகரை அடுத்த கனோவாஸில். போர்த்துகீசிய மொழியில் ஃபால்காவோ என்றால் வல்லூறு என்று பொருள். தலை நிமிர்ந்து, மார்பை முன்னிறுத்தி, திடல் முழுவதையும் மேலிருந்து காண்பவர்போல் ஆடிய அவருக்கு அப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது. போர்ட்டோ அலெக்ரேயின் இன்டர்நேசியோனல் கழகத்தில் இளமை முதலே பயின்று, 1972இல் மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் பிரேசிலுக்காக ஆடி, பின்னர் அக்கழகம் 1975, 1976, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரேசிலின் வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றபோது அதன் நடுநாயகமாக விளங்கினார். 1979ஆம் ஆண்டுப் பட்டம் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பெறப்பட்டது. அக்காலத்தில் அவர் அடித்த கோல்களுள் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. 1976ஆம் ஆண்டு அரையிறுதியில் அத்லெத்திக்கோ மினெய்ரோ குழுவுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில், ஃபால்காவோவும் எஸ்குரீன்யோவும் பந்தைத் தரையில் விழவிடாமல் தலையால் ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுத்துக்கொண்டே கோல் முனைக்குள் புகுந்தனர். முடிவில் ஃபால்காவோ காலை நீட்டி அதனை வலைக்குள் செலுத்தினார். பந்தாட்டத்தைக் கண்டறியாதவரும் அக்காட்சியைக் கண்டால் வியப்பர்.

ஆயினும், 1978ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திற்குச் சென்ற பிரேசில் குழுவில் அவருக்கு இடம் தரப்படவில்லை. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குப் பிளாக்கார் இதழ் வழங்கும் தங்கப் பந்து அவருக்கே கிடைத்தது. தேர்வுக் குழுக்களின் போக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

அவர் இத்தாலிக்குச் சென்ற காலம் தனித்தன்மை வாய்ந்தது. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில், வட கொரியாவிடம் ஒரு கோலுக்குத் தோற்று இத்தாலி வெளியேறியது. அந்த அவமானத்துக்குக் காரணம் தேடியவர்கள், அயல்நாட்டு ஆட்டக்காரர்களின் வரவால் உள்நாட்டு இளைஞர்களுக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று என்று முடிவு கட்டிக் கதவைச் சாத்தினர். ஜூலீன்யோ, அல்டஃபீனி முதலிய பிரேசிலியர்கள் புகழ் பெற்ற அந்த மண்ணில் பதினான்கு ஆண்டுகள் புதிதாக எந்த அயலவரும் நுழைய முடியவில்லை. 1980இல் கதவு சற்றே திறக்கப்பட்டது. ஒரு கழகத்திற்கு ஓர் அயலவர் என்பது விதி. அயர்லாந்தின் லியம் பிரேடி யுவெண்டஸ் கழகத்திற்கும், ஹாலந்தின் ரூட் குரோல் நாப்போலிக்கும், ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் புரோஹஸ்கா இன்டர் கழகத்திற்கும் வந்தனர். பிரேசிலிலிருந்து வந்தோர் சிலர். அவர்களுள் லூயிஸ் சீல்வியோ என்பவர் பிஸ்டோயேசே கழகத்திற்கு வந்து ஆறே லீக் ஆட்டங்களில் ஆடித் திரும்பிப் போனார். இத்தாலியர் நெடுங்காலம் அவரை நினைத்து நகைத்தனர். மொழி தெரியாத ஊரில், குளிர் பழகாத உடலோடு, ஒரே ஓர் அயலவராக நிற்கும் இளைஞனின் நிலை நகைப்புக்கு உரியதா என்று எண்ணிப் பார்த்தவர் குறைவு. ஃபால்காவோவும் அதே கதவின் வழியாகத்தான் நுழைந்தார்.

அவர் சேர்ந்த ரோமா கழகம் அதுவரை ஒரே ஒருமுறை, 1942இல், இத்தாலியின் லீக் பட்டத்தை வென்றிருந்தது. டுரினிலும் மிலானிலும் இருந்த செல்வக் கழகங்களே பட்டங்களைப் பகிர்ந்துகொண்டிருந்தன. நாட்டின் தலைநகரத்தாருக்கு அது ஆறாத புண். கழகத் தலைவர் டீனோ வியோலா, பயிற்றுநராக இருந்த சுவீடன் நாட்டு நில்ஸ் லீட்ஹோல்ம் ஆகிய இருவரும் ஃபால்காவோவைத் தேர்ந்தெடுத்தபோது, ரசிகர் பலர் மனத்தில் வேறொரு பெயர் இருந்தது. அவர்கள் எதிர்பார்த்தது ஜிக்கோவை. கோல் மேல் கோலாக அடித்துக் குவிக்கும் ஜிக்கோவுக்கு ஈடாக, திடலின் நடுவில் நின்று பந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒருவரா என்று முணுமுணுத்தோர் உண்டு. அவர் விமான நிலையத்தில் வந்திறங்கிய நாளில் பெருங்கூட்டம் திரண்டது என்னவோ உண்மை. ஆனால் அக்கூட்டம் வரவேற்றது தன் நம்பிக்கையைத்தான். ஆளை அது இன்னும் அறிந்திருக்கவில்லை.

அறிந்துகொள்ள நெடுநாள் ஆகவில்லை. அக்காலத்து இத்தாலியக் குழுக்கள் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல் என்னும் முறையில் ஆடின. எதிராளி எங்குச் சென்றாலும் நிழல்போல் ஒட்டிச் செல்வதே தற்காப்பு ஆட்டக்காரரின் கடமை. லீட்ஹோல்மோ, ஆளைக் காப்பதினும் இடத்தைக் காப்பதே மேல் என்று கருதியவர். பந்து நம்மிடம் இருக்கும்வரை எதிரி கோல் அடிக்க இயலாது என்னும் எளிய உண்மையே அவருடைய முறைக்கு அடிப்படை. இம்முறை பலிக்க வேண்டுமாயின், பந்தை இழக்காதவரும் அடுத்த அடியை முன்னரே கண்டவருமான ஒருவர் திடலின் நடுவில் இருக்க வேண்டும். ஃபால்காவோ அவ்விடத்தில் நின்றார். பந்து தம்மிடம் வருமுன்பே அது போக வேண்டிய இடத்தைப் பார்த்துவிடுவார். பெரும்பாலும் ஒரே தொடுகையில் அனுப்பிவிடுவார். அவசரமின்மையே அவருடைய வேகம். சுற்றியிருந்தவர்களும் மெல்ல மெல்ல அவரைப்போல் தலை நிமிர்ந்து ஆடக் கற்றுக்கொண்டனர். நல்லாசிரியர் ஒருவர் வகுப்பறைக்குள் நுழைந்ததும், அவர் வாய் திறக்குமுன்பே மாணவர் நிமிர்ந்து உட்காருவதை ஆசிரியர்கள் அறிவர்.

முதற்பருவத்திலேயே ரோமா பட்டத்தை நெருங்கியது. 1981ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் டுரினில் யுவெண்டஸ் கழகத்துடன் நடந்த ஆட்டத்தில், ரோமாவின் டுரோனே தலையால் முட்டிய கோலை ஆஃப்சைட் என்று நடுவர் மறுத்தார். ஆட்டம் கோலின்றி முடிந்தது. பட்டம் யுவெண்டஸுக்குச் சென்றது. அந்தக் கோல் முறையானதா என்னும் வழக்கு உரோமாபுரியின் காப்பிக் கடைகளில் இன்னும் தீர்ப்பு வழங்கப்படாமலே இருக்கிறது. அதே ஆண்டு இத்தாலியக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றில் ரோமா டொரினோவைப் பினால்டி உதைகளில் வென்றது. அன்று உதைக்கச் சென்று கோல் அடித்தவர்களுள் ஃபால்காவோவும் ஒருவர். பின்னால் வரப்போவதற்காக இச்செய்தியை நினைவில் இருத்துவது நல்லது.

1982ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் பிரேசில் அவரை மறக்கவில்லை. டெலே சந்தானா பயிற்றுவித்த அக்குழுவில் ஜிக்கோ, சாக்ரட்டீஸ், செரேசோ ஆகியோருடன் ஃபால்காவோவும் நடுத்திடலில் ஆடினார். ஜூலை 5ஆம் நாள் பார்சலோனாவின் சர்ரியா அரங்கில் இத்தாலியை எதிர்கொண்டபோது, சமநிலை கண்டாலே பிரேசில் அரையிறுதிக்குச் சென்றுவிடும். பாவுலோ ரோஸி முதற்கோல் அடித்தார். சாக்ரட்டீஸ் ஈடு செய்தார். ரோஸி மீண்டும் அடித்தார். இரண்டாம் பாதியில், 68ஆம் நிமிடத்தில், ஜூனியர் அனுப்பிய பந்து ஃபால்காவோவிடம் வந்தது. அருகே ஓடிய செரேசோவின் பின்னே தற்காப்பு ஆட்டக்காரர்கள் இழுபட்டுச் செல்ல, கிடைத்த இடைவெளியில் இடக்காலால் அவர் உதைத்த பந்து வலையைத் தொட்டது. கைகளை அகல விரித்து, கழுத்து நரம்புகள் புடைக்க, வாய் பிளந்து அவர் ஓடிய ஓட்டத்தின் படம் உலகெங்கும் அச்சாயிற்று. ஆறு நிமிடங்கள் கழித்து ரோஸி மூன்றாம் கோலை அடித்தார். பிரேசில் வெளியேறியது.

எதிர்ப்பக்கத்தில் இத்தாலியின் நீலச் சட்டை அணிந்து ஆடியவர்களுள் ஒருவர் புரூனோ கோன்ட்டி. ரோமா கழகத்தில் ஃபால்காவோவின் உற்ற தோழர். அவர் அனுப்பும் பந்துகளைத் திடலின் ஓரத்தில் வாங்கிக்கொண்டு பாயும் சிறிய உருவத்தினர். மற்றொருவர் பிரான்செஸ்கோ கிரஸியானி. ஓராண்டு கழித்து அவரும் ரோமாவில் சேர்ந்தார். பிரேசிலின் செரேசோவும் அதே ஆண்டு அங்கு வந்தார். பார்சலோனாவில் எதிரெதிரே நின்ற நால்வரும் இரண்டாண்டுகளுக்குள் ஒரே நிறச் சட்டையில் ஓர் இறுதியாட்டத்தில் நிற்கப் போகின்றனர் என்பதை அன்று யார் அறிந்திருக்க முடியும்? உலகக் கிண்ணத்தை இத்தாலி வென்றது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் வரிசையில் ரோஸிக்கு அடுத்த இடம் ஃபால்காவோவுக்கு அளிக்கப்பட்டது.

தம் நாட்டை வீழ்த்திய நாட்டுக்கே அவர் பிழைப்புக்காகத் திரும்பினார். தோல்வியின் கசப்பை வெளிக்காட்டாமல் அவர் ஆடிய 1982–83ஆம் ஆண்டுப் பருவமே அவருடைய வாழ்வின் உச்சம். புரோஹஸ்காவும் அப்போது ரோமாவுக்கு வந்திருந்தார். கழகத்திற்கு இரண்டு அயலவர் என்று விதி தளர்ந்திருந்தது. மார்ச் மாதத்தில் யுவெண்டஸ் கழகத்திடம் சொந்தத் திடலில், ஃபால்காவோ கோல் அடித்து முந்திய பின்பும், ரோமா 1–2 என்று தோற்றபோது, பழைய அச்சம் நகரைப் பற்றியது. அக்குழு இம்முறை தளரவில்லை. 1983ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் ஜெனோவா நகரில் 1–1 என்று சமநிலை கண்டு, நாற்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டத்தை வென்றது. நகரம் பல நாள் உறங்கவில்லை. சுவர்களில் மஞ்சளும் சிவப்பும் பூசப்பட்டன. எட்டாம் மன்னர் என்னும் பட்டம் நிலைபெற்றது அப்போதுதான். அந்தக் கோடையில் அவர் வேறு கழகத்திற்குப் போய்விடுவார் என்ற செய்தி பரவியபோது, முன்னாள் பிரதமரும் ரோமாவின் தீவிர ஆதரவாளருமான அந்திரயோட்டியே தலையிட்டு அவரை நிறுத்திவைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மை எவ்வாறாயினும், அப்படியொரு கதை பிறந்ததும் அதனை மக்கள் நம்பியதுமே அவருடைய நிலையைக் காட்டும்.

பட்டம் வென்றதால் ரோமா அடுத்த பருவத்தில் ஐரோப்பியக் கிண்ணத்தில் ஆடியது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் டண்டி யுனைடெட் குழுவிடம் 0–2 என்று தோற்று, மறு ஆட்டத்தில் 3–0 என்று வென்றது. இறுதியாட்டம் எங்கு நடைபெற வேண்டும் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. அது உரோமாபுரியின் ஒலிம்பிக் அரங்கம். எதிரி லிவர்பூல். சொந்த ஊர், சொந்த அரங்கு, சொந்த மக்கள்! இதனைப் பேறு என்றே எல்லாரும் எண்ணினர். தோற்றால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை என்பதை எவரும் எண்ணவில்லை.

பதின்மூன்றாம் நிமிடத்தில் பில் நீல் லிவர்பூலுக்குக் கோல் அடித்தார். முற்பாதி முடியுமுன் ரோமாவின் புரூஸோ தலையால் முட்டி ஈடு செய்தார். பின்னர் ஆட்டம் இறுகிப்போயிற்று. ஃபால்காவோவின் ஆட்டத்தில் வழக்கமான ஒளி இல்லை. முழங்கால் நோவு அவரை நெடுநாளாக வருத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் புரூஸோ வெளியேறினார். கூடுதல் நேரத்தின் முடிவுக்குச் சற்று முன்னர் செரேசோவும் வெளியேறினார். நூற்றிருபது நிமிடங்கள் கழிந்தும் 1–1. ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதியாட்டம் பினால்டி உதைகளால் முடிவு செய்யப்பட்டது அதுவே முதன்முறை.

உதைக்கப் போகும் ஐவர் யார்? கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொண்ட புரூஸோ திடலில் இல்லை, செரேசோவும் இல்லை. எஞ்சியோருள் அனைவர் கண்களும் யாரை நாடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபால்காவோ முன்வரவில்லை.

லிவர்பூலின் முதல் உதை, இளைஞரான ஸ்டீவ் நிகலின் உதை, கம்பத்துக்கு மேலே பறந்தது. ரோமாவுக்காக முதலில் சென்றவர் குழுத் தலைவர் அகோஸ்டீனோ டி பர்தொலோமேய். உரோமாபுரியிலேயே பிறந்து, அக்கழகத்திலேயே வளர்ந்தவர்; பேச்சுக் குறைந்தவர். அவர் உறுதியாக உதைத்துக் கோல் அடித்தார். ரோமா முந்தியது. அரங்கம் அதிர்ந்தது. நீல் ஈடு செய்தார். அடுத்துக் கோன்ட்டி. உலகக் கிண்ணம் வென்றவர், மக்களின் செல்வப்பிள்ளை. பந்து கோல் கம்பத்துக்கு மேலே சென்றது. சூனஸ் லிவர்பூலுக்காக அடித்தார். இருபத்தொரு வயதே நிரம்பிய ரிகெட்டி ரோமாவுக்காக அடித்தார். ரஷ் அடித்தார். நான்காவதாக வந்தவர் கிரஸியானி. லிவர்பூலின் கோல் காவலர் குரோபெலார் கால்கள் துவண்டு விழுபவர்போல் ஆடிக் காட்டினார். மூத்தோர் சிலருக்கு அது கூத்தாடியின் சேட்டையாகத் தோன்றியது. ஆனால் அது பலித்தது. கிரஸியானியின் பந்து குறுக்குக் கம்பத்தின் மேற்புறத்தைத் தொட்டு வெளியே போயிற்று. பின்னர் ஆலன் கென்னடி வந்து பந்தை வலைக்குள் அனுப்பினார். 4–2. சற்றுமுன்வரை பெருங்கடல்போல் முழங்கிய அரங்கில் லிவர்பூலிலிருந்து வந்த சிறுகூட்டத்தின் குரல் மட்டும் கேட்டது.

கோன்ட்டியும் கிரஸியானியும் தவறவிட்டனர். உதைக்காதவர் ஒருவர். ஆனால் அடுத்த நாள் முதல் நகரம் பேசியது அந்த இருவரைப் பற்றியன்று. தவறவிட்ட கோன்ட்டியை உரோமாபுரி அன்றே மன்னித்தது. அவர் ஆட்ட வாழ்வு முழுவதையும் பெரும்பாலும் அங்கேயே கழித்து, அன்புடன் வழியனுப்பப்பட்டார். போகாத ஃபால்காவோவை மன்னிக்க அதற்கு மனம் வரவில்லை. கால் நோவும் உடற்சோர்வும் மிகுந்து, உதைக்கக்கூடிய நிலையில் தாம் இல்லை என்பதே அவர் பிற்காலத்தில் தந்த விளக்கம். இருபத்தொரு வயதுப் பையனே போனானே, மன்னனுக்கு என்ன வந்தது என்பது மக்களின் கேள்வி.

இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவிவிடுவது எளிது. ஆயினும் இவ்வழக்கில் ஒரு பக்கம் சற்று மேலோங்கியே நிற்கிறது. 1981இல் டுரினில், பகையரங்கில், பினால்டி உதைக்கச் சென்று கோல் அடித்தவரைக் கோழை என்பது பொருந்தாது. ஆட்டக்காரனுக்கு உடலே முதல். அதன் இருப்பு எவ்வளவு என்பதை அவன் ஒருவனே அறிவான். இயலாத காலோடு சென்று தவறவிட்டிருந்தால் நகரம் அவருக்காக அழுதிருக்கும். சிலை வைத்திருக்கவும் கூடும். அதனை அவர் அறியாதவரல்லர். அறிந்திருந்தும், இயலும் என்று எண்ணிய ஐவருக்கு வழிவிட்டார். தம் பெயரைக் காத்துக்கொள்ள விரும்பியவர் செய்யும் செயலன்று அது. ஆனால், தோழர்களுக்கு அவர் அதனைச் சொன்ன விதமும் சொல்லாத விதமும் வேறு. தலைவராகக் கருதப்பட்டவர் அந்த நேரத்தில் விலகி நின்றது டி பர்தொலோமேய் போன்றோர் நெஞ்சில் தைத்தது என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். நோவைப் பொறுக்கலாம், விலகி நிற்பவரைப் பார்ப்பது கடினம். மன்னர் என்ற பட்டம் இல்லாத ஓர் அயலவர் அதே செயலைச் செய்திருந்தால், மறுநாள் அதை எவரும் பேசியிருக்க மாட்டார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

முழங்கால் பொய் சொல்லவில்லை என்பதற்கு அடுத்த பருவமே சான்றாயிற்று. 1984–85இல் அவர் நான்கே லீக் ஆட்டங்களில் ஆடினார். காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. சிகிச்சையைப் பற்றியும் மருத்துவச் சோதனையைப் பற்றியும் அவருக்கும் கழகத்துக்கும் இடையே பிணக்கு மூண்டது. 1985இல் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. லீட்ஹோல்ம் முன்னரே மிலானுக்குப் போய்விட்டார். ரோமாவுக்காக 107 லீக் ஆட்டங்களில் ஆடி 22 கோல்களை அடித்தவர், வழியனுப்பு விழா எதுவுமின்றி நகரை விட்டுச் சென்றார். ஏழாம் மன்னரைப்போல் அவரை எவரும் துரத்தவில்லைதான். ஆனால் இருத்திக்கொள்ளவும் எவரும் முன்வரவில்லை.

டி பர்தொலோமேய் அந்த 1984ஆம் ஆண்டுக் கோடையிலேயே மிலான் கழகத்துக்கு மாறினார். பிறந்த ஊரை விட்டுப் போக அவருக்கு விருப்பம் இல்லை என்பர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் காற்பந்து உலகில் தமக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை என்னும் மனக்குறை அவருக்கு இருந்தது. 1994ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், அந்த இறுதியாட்டம் நடந்து சரியாகப் பத்தாண்டுகள் நிறைந்த நாளில், முப்பத்தொன்பதாம் வயதில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஒரு மனிதரின் துயரத்தை ஓர் ஆட்டத்தின் கணக்கில் எழுதுவது முறையன்று. அவர் மனத்தில் என்னென்ன இருந்தன என்பதைப் பிறர் அளந்து கூற இயலாது. ஆயினும், அந்த இரவில் முதல் உதையை உதைத்தவர், உதைக்காதவர் ஆகிய இருவர் பெயர்களும் அதன்பின் உரோமாபுரியில் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

காலம் சிலவற்றைச் சரி செய்தது. 2012இல் ரோமா கழகம் தன் வரலாற்றின் தலைசிறந்தோரைப் போற்றும் வரிசையை முதன்முதலில் அமைத்தபோது, அதில் கோன்ட்டியின் பெயரோடு ஃபால்காவோவின் பெயரும் இடம்பெற்றது. எட்டாம் மன்னர் என்னும் பட்டத்தை அப்போதும் எவரும் திரும்பக் கேட்கவில்லை.

1985இல் பிரேசிலுக்குத் திரும்பிய ஃபால்காவோ சாவோ பாவுலோ கழகத்தில் சேர்ந்து, அவ்வாண்டு மாநிலப் பட்டத்தை வென்ற குழுவில் இருந்தார். மறு ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கிண்ணத்துக்கான குழுவிலும் அவர் பெயர் இருந்தது. இம்முறை மாற்று ஆட்டக்காரராக மட்டுமே. ஸ்பெயினுக்கு எதிராகச் சில நிமிடங்கள், அல்ஜீரியாவுக்கு எதிராக ஒருவர் காயமுற்றதால் ஏறத்தாழ முழு ஆட்டம். ஜூன் 21ஆம் நாள் குவாதலஹாராவில் பிரான்சுக்கு எதிராகக் கால் இறுதியாட்டம். இடையிலேயே கிடைத்த ஒரு பினால்டியை ஜிக்கோ உதைத்தார். கோல் காவலர் பாத்ஸ் தடுத்துவிட்டார். கூடுதல் நேரமும் முடிந்து 1–1. மீண்டும் ஐந்து உதைகள். முதலில் சென்ற சாக்ரட்டீஸ் தவறவிட்டார். பிரான்சின் பிளாட்டினியும் தவறவிட்டார். பிரேசிலின் கடைசி உதையை உதைக்கச் சென்றவர் தற்காப்பு ஆட்டக்காரர் ஜூலியோ சீசார். பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. ஃபால்காவோவுக்கு அன்று ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. உதைக்கிறீரா என்று அவரை எவரும் கேட்கும் நிலையும் ஏற்படவில்லை. அவ்வாண்டிலேயே அவர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.